மனு, வரைபடம், பாட்டு: பழவேற்காட்டுக் கரையில் சொல்லின் வலிமை

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் கடல்நீர் உள்ளே ஏறாது. இறாலும் நண்டும் வராது. ஏரிக்குள் கட்டியிருக்கும் படகு கடலுக்குப் போக வழியில்லை. இதைச் சொல்ல ஒரு மீனவருக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அதே செய்தி ஊர்க் கூட்டத்தில் ஒரு விதமாகவும், ஆட்சியர் அலுவலகத்து மனுவில் இன்னொரு விதமாகவும், நீதிமன்றத்தில் மூன்றாவது விதமாகவும் உருமாறுகிறது. கரையில் அதற்குப் பெயர் ‘பொழப்பு’. மனுவில் அது ‘வாழ்வாதாரம்’ ஆகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் ‘சமூகப் பொருளாதாரத் தாக்கம்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் அட்டவணைக்குள் போய்விடுகிறது. மூன்றும் ஒன்றையே குறிக்கின்றனவா என்பதே ஐயம்.

கேட்பவரை ஒரு சொல் இணங்கவைப்பது எதனால்? பேசுபவரின் தகுதியா, கேட்பவரின் மனநிலையா, முன்வைக்கும் சான்றா, சொல்லும் வடிவமா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் முதன்மையானவற்றை எளாவூர் தொடங்கிப் பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர் வரையிலான கரையில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இந்தக் கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1980இல் பறவைகள் சரணாலயம், பின்னர் அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாற்றங்களின்போது, மனிதர் தமக்குத் தெரிந்த எல்லா வடிவங்களிலும் இங்கே வாதாடியிருக்கிறார்கள்.

மூன்று வழிகளும் ஒரு சிலம்பும்

மேலைநாட்டு மரபில் இன்றுவரை அசையாமல் நிற்கும் விடை அரிஸ்டாட்டிலுடையது. பேசுபவரின் நம்பகம் ஈதோஸ், கேட்பவரின் உணர்ச்சி பாதோஸ், வாதத்தின் தருக்கம் லோகோஸ். இந்த மூன்று வழிகளைப் பாடநூல்கள் ஓயாமல் சொல்கின்றன. அவர் அதே நூலில் செய்த இன்னொரு பகுப்பை அவை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நடந்ததைப் பற்றி நீதிமன்றத்தில் பேசுவது, நடக்கவேண்டியதைப் பற்றி மன்றத்தில் பேசுவது, புகழவோ இகழவோ விழாவில் பேசுவது என்று உரையை மூன்று வகையாக அவர் பிரித்தார். எந்தச் சான்று எடுபடும், எந்த உணர்ச்சி பொருந்தும் என்பது இந்த வகையைப் பொறுத்தே மாறும்.

தமிழில் இந்த மூன்று வழிகளையும் ஒரே காட்சியில் காண விரும்புவோர் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் திறக்கலாம். கலைந்த கூந்தலும் புழுதி படிந்த உடலும் கண்ணீருமாக வந்து நிற்கிறாள் கண்ணகி. வாய் திறப்பதற்கு முன்பே அவள் கோலம் அரசனை அசைத்துவிடுகிறது. யார் நீ என்று அவன் கேட்டதும் அவள் தன் பெயரைச் சொல்லத் தொடங்கவில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் நினைவூட்டி, அந்த நீதி விளங்கிய புகார் என் ஊர் என்கிறாள். கள்வனைக் கொல்வது அரச நீதி என்று பாண்டியன் மறுக்கும்போது, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரே சான்றை வைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு உடைகிறது, வழக்கு முடிகிறது.

தகுதி, உணர்ச்சி, சான்று ஆகிய மூன்றும் வரிசையாக வந்து வென்ற காட்சி என்று இதை வாசிக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. சிலம்பைக் கொண்டுவரச் சொன்னவன் பாண்டியன். சான்றைச் சோதிக்கலாம் என்ற நடைமுறை அந்த அவையில் இருந்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவன் நேரே உட்கார்ந்து கேட்டான். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அதே சொற்கள் என்ன செய்திருக்கும்? மூன்று வழிகள் என்ற கோட்பாடு இதற்கு நேரான விடை தருவதில்லை.

அவை அறிந்து பேசுதல்

கேட்பவரை முன்னிறுத்தும் விடை தமிழில் மிகப் பழையது. திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம், தூது 69ஆம் அதிகாரம், அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். கற்றோர் அவையில் பேசுவதும் அல்லாதார் அவையில் பேசுவதும் ஒன்றல்ல என்ற தெளிவு அங்கே இருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவரையே அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகைப்படுத்துகிறது. அதைக் கேட்போர் வகைகளின் பட்டியலாகவும் கொள்ளலாம். மணிமேகலையின் 29ஆம் காதை ஏது, எடுத்துக்காட்டு, அவற்றின் போலிகள் என்று தருக்கத்தையே பாடமாக விரிக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இன்னும் நுட்பமானது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு களங்களையும் தருகிறது. அழுகைக்கு இழிவு, இழப்பு, நிலை தாழ்தல், வறுமை. வெகுளிக்கு உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொலை. அது செய்யுளுக்கு எழுதிய இலக்கணம். கூட்டத்தில் பேசுவோருக்காக எழுதியதாகச் சொல்ல இடமில்லை. ஆயினும் முகத்துவாரம் தூர்ந்த ஊரின் நிலையை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் இரண்டு மெய்ப்பாடுகளுக்கும் அங்கே களம் இருக்கிறது. இழப்பும் வறுமையும் ஒரு பக்கம். குடி நலிவது இன்னொரு பக்கம்.

இந்த மரபின் குறை, அது அவைக்குள் இடம் பெற்றவருக்கே அறிவுரை சொல்கிறது என்பது. அமைச்சனும் தூதனும் புலவனும் எப்படிப் பேசவேண்டும் என்பதில் அதன் கவனம் முழுதும் நிற்கிறது. வாயிற்காவலனைத் தாண்டி உள்ளே போவது எப்படி என்ற கேள்வி இலக்கண நூல்களில் எழவில்லை. காப்பியம் மட்டும் அதைத் தொட்டது.

வடிவம் செய்யும் வேலை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவனம் வடிவத்தின் பக்கம் திரும்பியது. பேச்சைப் பிறப்பிப்பது ஒரு சூழல் என்றும், அச்சூழலின் நெருக்கடியும் அதைத் தீர்க்கவல்ல அவையும் தடைகளும் சேர்ந்தே பேச்சை வடிவமைக்கின்றன என்றும் லாயிட் பிட்சர் 1968இல் எழுதினார். அவர் ‘அவை’ என்றது வெறுமனே கேட்பவரை அன்று. மாற்றத்தைச் செய்ய வல்லவரை. கரோலின் மில்லர் 1984இல் ஒரு படி மேலே போனார். திரும்பத் திரும்ப வரும் சூழலுக்குச் சமூகம் பழக்கிவைத்திருக்கும் செயலே எழுத்துவகை என்றார். மனு என்பது தாளில் உள்ள சொற்களின் அமைப்பு மட்டும் இல்லை, மனுக் கொடுத்தல் என்ற செயலும்கூட என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். இடது பக்கம் ‘அனுப்புநர்’, அதன்கீழ் ‘பெறுநர்’, ‘உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்’. பிறகு ‘பொருள்’ என்று ஒரே வரி. ‘ஐயா, வணக்கம்’. அதன்பின் ஊரின் பெயர், எத்தனை குடும்பங்கள், எத்தனை தலைமுறை, என்ன பாதிப்பு. முடிவில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’. கீழே கையெழுத்துகளும் கைநாட்டுகளும், சில சமயம் ஊர்ப் பஞ்சாயத்தின் முத்திரையும். எழுதியவர் பெரும்பாலும் ஊரில் படித்த ஓர் இளைஞராகவோ அலுவலக வாசலில் மேசை போட்டிருக்கும் மனு எழுதுபவராகவோ இருப்பார்.

இந்தத் தாளில் அழுகைக்கு இடம் உண்டு. வறுமையையும் இழப்பையும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். வெகுளிக்கு இடம் இல்லை. ‘தாழ்மையுடன்’ என்ற சொல் அதன் வாசலை அடைத்துவிடுகிறது. கோபம் சாலை மறியலுக்கும் படகில் ஏற்றும் கறுப்புக் கொடிக்கும் போய்விடுகிறது. அங்கே அழுகை பலவீனமாகத் தெரியும். நீதிமன்றப் பிரமாணப் பத்திரமோ இரண்டையுமே வெளியே நிறுத்தி, அளவையும் தேதியையும் சர்வே எண்ணையும் கேட்கிறது. எந்த உணர்ச்சி செல்லும் என்பதை வடிவமே தீர்மானிக்கிறது என்றால், உணர்ச்சியைத் தனி வழியாக எண்ணிய பழைய பகுப்பை ஓரளவு திருத்தவேண்டியிருக்கும்.

எதிரில் இருப்பவர் யார்

வடிவத்துக்கும் அவைக்கும் உள்ள சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுவது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில். 2006 செப்டம்பர் 14ஆம் நாளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கு விரிவான விதி வகுத்தது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்கவேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வருபவரோ தலைமை தாங்குவார். நடப்பது முழுதும் வீடியோவில் பதிவாகும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் தேவையில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் இந்த வடிவத்துக்குள் வந்த பெரிய வழக்கு. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அத்துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கராக விரிக்கவும், ஆண்டுக்கு 2.46 கோடி டன்னாக உள்ள சரக்குத் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தவும் திட்டம். 2021 ஜனவரி 22இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று குறித்த நாளும் அப்படியே போனது. வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் திட்டத்தை முன்வைப்போரின் வாதங்கள். கடலரிப்பு மிகுந்தால் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள மெல்லிய மணல்திட்டு உடையும், இரண்டும் ஒன்றாகும் என்பது மீனவர் வாதம். ஒரு பக்கம் கணினி மாதிரி பேசுகிறது. மறுபக்கம் வாடையிலும் கச்சானிலும் மணல் நகர்வதைப் பார்த்த கண் பேசுகிறது. இரண்டும் லோகோஸ்தான் என்பது என் கணிப்பு. அறிக்கையின் வடிவம் முதலாவதை அறிவாகவும் இரண்டாவதை ‘உள்ளூர் மக்களின் அச்சம்’ என்றும் பதிவுசெய்யும் ஆபத்து இருக்கிறது. அதாவது சான்றாகச் சொன்னது உணர்ச்சியாக இடம் மாறிவிடும்.

இன்னொன்று: கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இத்தகைய பெரிய திட்டங்களை மதிப்பிடும் நிபுணர் குழு டெல்லியில் இருக்கிறது. பேச்சு அங்கே போய்ச் சேர்வது எழுத்துப் பதிவாக. எதிரில் இருப்பவருக்கும் எங்கோ இருப்பவருக்கும் ஒரே மூச்சில் பேசவேண்டிய நிலை இது. சைம் பெரல்மன் 1958இல், எந்த வாதமும் கண்ணெதிரே உள்ள அவையோடு, அறிவுள்ள எல்லா மனிதரும் அடங்கிய ‘பொது அவை’ ஒன்றையும் கருத்தில் கொள்கிறது என்றார். அவர் நினைத்தது தத்துவவாதியின் மனத்தில் உள்ள அவையை. மீனவர் சந்திப்பது குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட கட்டடத்தில், வேறு மொழியில் இயங்கும் இரண்டாவது அவை.

ஏரிக்கரையிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு

வடிவம் மாறும்போது வழக்கு எப்படி மாறுகிறது என்பதற்கு இறால் பண்ணை வழக்கு நல்ல சான்று. 1990களில் தமிழகக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, நிலத்தடி நீர் உப்பாகி, நெல்வயல்கள் பாழானபோது காந்தியரான எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக் கரையில் சத்தியாகிரகம் நடத்தினார்கள். அந்த வடிவத்தின் வலிமை முழுதும் பேசுபவரின் வாழ்க்கையில் இருந்தது. பூதான இயக்கத்தில் நடந்த கால்களுக்கு உள்ள மதிப்பு அது. 1994இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். அங்கே நீதிமன்றம் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தைக் களத்துக்கு அனுப்பியது. 1996 டிசம்பர் 11இல் வந்த தீர்ப்பு அந்த ஆய்வறிக்கையைப் பெரிதும் தாங்கி நின்றது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்ற ஆணையும் அதில் இருந்தது.

தெற்கே சத்தியாகிரகமாகத் தொடங்கியது வடக்கே ஓர் ஏரிக்கு மீட்டர் கணக்கில் வேலி போட்டது. பொறுமையின் தகுதி ஆய்வகத்தின் தகுதியாக மாறிய பிறகே அது நடந்தது. ஆனால் தீர்ப்போடு கதை நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பண்ணைகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் பாதையைச் சட்டமாக்கியது. நீதிமன்றத்தை இணங்கவைத்த வாதம் நாடாளுமன்றத்தை இணங்கவைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

வரைபடமும் ஒரு வடிவம். எண்ணூர்க் கழிமுகத்தை நீர்நிலையாகக் காட்டும் கடலோர மண்டல வரைபடம் 1996இல் ஒப்புதல் பெற்றிருந்தது. பின்னாளைய வரைபடம் ஒன்றில் அது அப்படி இல்லை என்ற செய்தி தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2017இல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. வரைபடம் வாதாடுவதாகத் தோன்றாது. அதனாலேயே அதன் வாதத்தை மறுப்பது கடினம். மறுக்க இன்னொரு வரைபடம் வேண்டியிருந்தது.

பாட்டும் மேடையும்

அதே 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வேறு அவையைத் தேடியது. கபேர் வாசுகியின் சொற்கள் சென்னைப் பேச்சுத்தமிழில் இருக்க, இசை கர்நாடக ராகங்களில் நின்றது. களம் எண்ணூர்க் கழிமுகம். வசைச்சொல்லாகிவிட்ட ‘பொறம்போக்கு’ என்ற சொல்லை எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளுக்கு அது திருப்பியது. அனல்மின் நிலையத்தின் சாம்பலைப் பற்றி ஒருபோதும் மனுப் படித்திராத சபா ரசிகருக்கு அது போய்ச் சேர்ந்தது. கென்னத் பர்க் 1950இல் சொன்ன ஒன்றிணைதல் இதற்குப் பொருந்தும்: கேட்பவரின் மொழி, தொனி, பாங்கு ஆகியவற்றில் பேசி நாம் ஒருவரே என்று உணரவைத்தல். ஒன்றிணைந்தது யாரோடு யார் என்று கேட்டால் விடை அவ்வளவு நேரானது அன்று. நகரத்துக் கேட்பவர் கழிமுகத்தோடு ஒன்றினார். மீனவர் அந்தப் பாட்டில் தம் குரலைக் கேட்டார்களா என்பது வேறு கேள்வி.

மேடைப் பேச்சைப் பற்றித் தமிழுக்கு முக்கியமான ஆய்வு மானிடவியலாளர் பெர்னார்டு பேட்டுடையது. 2009இல் வந்த முதல் நூல் மதுரைக் களப்பணியை வைத்துத் திராவிட மேடையின் செந்தமிழ் அழகியலை ஆராய்ந்தது. மறைவுக்குப் பின் 2021இல் வந்த நூல், சீர்திருத்தச் சபையினரின் பிரசங்க வடிவமே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் சைவப் பிரசங்கமாகவும், பின்னர் சுதேசிக் காலத்து அரசியல் பேச்சாகவும் வளர்ந்தது என்று வாதிட்டது. ஒரு வடிவம் பிறந்ததும் ‘மக்கள்’ என்ற அவையே புதிதாகப் பிறந்தது என்ற அவர் கருத்து வலிமையானது. கிறித்தவம் சாராத கதாகாலட்சேபம், கூத்து, பட்டிமண்டபம் போன்ற பொதுப் பேச்சு மரபுகளுக்கு அவர் போதிய இடம் தந்தாரா என்பதில் மாற்றுக்கருத்துக்கு இடமுண்டு.

ஆய்வுக்கூடத்தின் விடை

உளவியலாளர் கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். கார்ல் ஹோவ்லாண்டின் யேல் குழு 1950களில் சொல்பவரின் நம்பகத்தை அளந்தது. ஜானிஸ், ஃபெஷ்பேக் இருவரும் 1953இல் பல் பராமரிப்புப் பற்றி மாணவரிடம் மூன்று அளவுகளில் அச்சமூட்டிப் பார்த்து, மிகையான அச்சம் குறைவாகவே பயன் தந்ததாகக் கண்டார்கள். பெட்டி, கசியோப்போ இருவரும் 1980களில், சிந்திக்க ஊக்கமும் ஆற்றலும் உள்ளவர் வாதத்தின் தரத்தால் அசைவார், இல்லாதவர் சொல்பவரின் தோற்றம் போன்ற ஓரக் குறிகளால் அசைவார் என்று இரு பாதைகளை வகுத்தார்கள். இவற்றின் பொதுவான குறை, பெரும்பாலும் கல்லூரி மாணவரை ஒருமுறை கேட்கவைத்து அளந்ததே.

கரையில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்று உண்டு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண். வாதம் இல்லை, உணர்ச்சி இல்லை, ஒரு சொல்கூட இல்லை. ஏற்றியவர் மீதுள்ள நம்பிக்கை ஒன்றே அதன் பலம். எச்சரித்த புயல் வராமல் போன ஆண்டுகள் கூடினால் அந்த நம்பிக்கை தேயும். நம்பகம் ஒருநாளில் அளக்கும் பொருளன்று என்பதைக் கூண்டு காட்டுகிறது.

இன்னும் தீராதவை

இதுவரை பார்த்த விடைகளுள் வடிவத்தை முன்னிறுத்துபவை இந்தக் கரைக்கு அதிகம் பொருந்துகின்றன என்று தோன்றுகிறது. ஆனால் வடிவம் தானாக முளைப்பதில்லை. அதை வகுத்தவர் ஒருவர் இருக்கிறார், அதற்குள் நுழைய முடியாதவர் பலர் இருக்கிறார்கள். இதில் மீனவரின் சொந்த வடிவங்களுக்கும் விலக்கில்லை. சீட்டுக் குலுக்கியோ முறை வைத்தோ ஏரியில் வலையிடும் இடத்தைப் பகிரும் பாடு முறையை, மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்கள் மரபுரிமையாக முன்வைக்கின்றன. நியாயமான பகிர்வு என்று ஆய்வாளர் பலர் அதைப் போற்றியிருக்கிறார்கள். பாடு முறையில் இடமில்லாத சமூகங்களுக்கு அதே மரபு அடைத்த கதவு. சாரா கோல்ட்ஹார்டு 2008இல் வெளியிட்ட பழவேற்காட்டு ஆய்வு, பாடு முறையில் உள்ளவரும் இல்லாதவரும் ஏரியின் மாற்றங்களை வெவ்வேறு விதமாக எதிர்கொள்வதைக் கவனப்படுத்தியது. பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு முழங்கால் நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குப் பாடு முறையிலும் இடமில்லை, ஊர்க் கூட்டத்திலும் இடமில்லை. மனுவின் ‘அனுப்புநர்’ பகுதியில் அவள் பெயர் வருவது அரிது.

மாநில எல்லையும் அவையை வெட்டுகிறது. எளாவூர்ச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆரம்பாக்கம் வழியே போகும் சாலை சற்று நேரத்தில் ஆந்திரத்தில் நுழைந்துவிடும். ஏரியின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நீருக்கு எல்லை தெரியாது, விதிக்குத் தெரியும். திட்டத்தின் பரப்பு இன்னொரு மாவட்டத்திலோ மாநிலத்திலோ விரிந்தால் அங்கும் கருத்துக்கேட்பு நடக்கும். பாதிப்பு மட்டும் விரிந்தால்? வடகரையின் தெலுங்கு பேசும் மீனவர் இந்த வழக்கில் கேட்பவரா, பேசுபவரா, வெளியாளா என்பது விதியில் தெளிவாக இல்லை. மொழிச் சிக்கல் நாடளாவியதும்கூட. 2020இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30இல் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆய்வுக்கு எளிதில் அகப்படக்கூடிய ஒரு கேள்வியும் இருக்கிறது. கருத்துக்கேட்பின் விதி இரண்டு பதிவுகளைக் கேட்கிறது: வீடியோ ஒன்று, எழுத்து நடவடிக்கைக் குறிப்பு ஒன்று. மேடையில் ஒரு மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் மணலையும் வைத்துப் பத்து நிமிடம் பேசியது குறிப்பில் எத்தனை வரியாகிறது, எந்தச் சொல்லாகிறது, அதில் சான்றாக நிற்பது எது, அச்சமாகச் சுருங்குவது எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழகத்துக் கடலோர மாவட்டங்களில் நடந்த கூட்டங்களுக்கு மட்டுமாவது அதைச் செய்தால், டெல்லியின் அவையைச் சென்றடையும் சொல் கரையில் சொல்லப்பட்ட சொல்தானா என்பது தெரியவரும்.